மேற்கே போன ஒயர்

கணினித் திரையின் வலது மூலையில் இருந்த இரண்டு குட்டித் திரைகளின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தபோது மணி இரண்டு ஐந்து. இன்டர்நெட் போய்விட்டது. சுபிக்ஷா காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். அளவுகோல் வைத்துக் கோடு போட்ட நான்கு பத்திகள்: தேதி, போன நேரம், வந்த நேரம், குறிப்பு. முதல் இரண்டு பத்திகளை நிரப்பினாள். குறிப்பு என்ற பத்தியில் நாற்பது நாளாக எழுதிவருவதையே இன்றும் எழுதினாள்: “என் தப்பாக இருக்குமோ?”

இரண்டு முறை கணினியை முழுவதுமாக அழித்து மறுபடி எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்துவிட்டாள். மவுஸைக்கூட மாற்றினாள். மவுஸுக்கும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் ஒரு சந்தேகம்.

கணவன் ஸ்ரீநாத்துக்குச் சென்னை சுங்க அலுவலகத்திலிருந்து வங்காளத்தில் உள்ள கிடர்பூர் துறைமுகத்துக்கு மாற்றலாகி எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பக்கத்துப் பெஹாலாவில், குளத்தை ஒட்டிய ஒரு சந்தில், மாடி வீடு கிடைத்தது. சுபிக்ஷா சென்னையில் ஒரு மருத்துவ எழுத்து நிறுவனத்தில் இருந்தாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. மாற்றல் என்றதும் ராஜினாமாக் கடிதத்தோடு போய் நின்றவளை மேற்பார்வையாளர் ராஜாராமன்தான் தடுத்தார்.

“வீட்டிலேர்ந்தே பண்ணும்மா. நம்ம கம்பெனியில அப்படிப் பண்ணப்போற முதல் ஆள் நீதான். நீ சொதப்பினா அடுத்து ஒருத்தருக்கும் குடுக்க மாட்டாங்க, அதையும் ஞாபகம் வெச்சுக்கோ.”

அன்றன்றைய அறிக்கைகள் மாலை நான்கு மணிக்குள் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். மாதத்தில் மூன்று முறை தாமதமானால் வேலை நின்றுவிடும். இந்த பிப்ரவரியில் தேதி இருபது ஆவதற்குள் இரண்டு தாமதம் ஆகிவிட்டது. இன்றைக்குப் பன்னிரண்டு அறிக்கைகள், எல்லாம் தயார். நோயாளிகளின் விவரம் என்பதால் வெளியே நெட் சென்டருக்கு எடுத்துப் போகவும் கூடாது. இந்த வீட்டிலிருந்து, இந்தக் கணினியிலிருந்துதான் போக வேண்டும்.

கேபிள் கனெக்‌ஷன் தந்து, அதிலேயே இன்டர்நெட்டும் தரும் பிஷு தாவுக்கு (‘தா’ என்றால் அண்ணன்) போன் போட்டாள். அவன் பேசியது பெங்காலி. அவள் பேசியது பாதி இந்தி, மீதி மாலை வகுப்பில் கற்ற பெங்காலி.

“சர்வர் ப்ராப்ளம், பௌதி.” அண்ணி என்றுதான் அந்தச் சந்தில் எல்லாரும் அவளைக் கூப்பிட்டார்கள்.

“சர்வர் எங்க இருக்கு?”

“அது... சால்ட் லேக்ல. ஊரோட அந்தக் கோடியில.”

“சால்ட் லேக்ல தினமும் சரியா ரெண்டு மணிக்குத்தான் ப்ராப்ளம் வருமா?”

“அப்ப உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கும். சாப்பிட்டாச்சா? சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் தூங்குங்க பௌதி. நீங்க எழுந்திருக்கிறதுக்குள்ள வந்துடும்.”

“நாலு மணிக்குள்ள எனக்கு வேணும்.”

“பசங்க எல்லாம் சாப்பிடப் போயிருக்காங்க. அஞ்சு மணிக்கு ஆள் அனுப்பறேன்.”

வைத்துவிட்டான். சுபிக்ஷா ரிசீவரை வைத்தாள். பிறகு நோட்டை இடுக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். ஒயர் எங்கிருந்தோ வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் எங்கே அறுகிறது என்று தெரிந்துவிடும். ஏன் இதை நாற்பது நாள் முன்பே செய்யவில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொள்ளவும் மறக்கவில்லை.

மாடிப்படி முடியும் இடத்தில் சுவரில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. டிவிக்கானது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவளுடைய அறைக்கு வரும் ஒயர் அந்தப் பெட்டியிலிருந்துதான் இறங்கியது. பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு ஒயர்கள் வெளியே போயின. ஒன்று கிழக்கே, குளத்துக்கு மேலாக. இன்னொன்று மேற்கே, பலா மரத்தைத் தாண்டி. பிஷு தாவின் ஆபீஸ் மேற்கே, டிராம் டெப்போ பக்கம் இருக்கிறது. ஆகவே மேற்கு ஒயர்தான் உள்ளே வருவது. இரண்டு முறை யோசித்து உறுதி செய்துகொண்டு கீழே இறங்கினாள்.

அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாள். ஒயர் பலா மரத்தில் ஒரு சுற்று சுற்றி, தெரு கிளப்பின் கம்பத்தில் தொங்கி, விளக்குக் கம்பத்திலிருந்து மூன்றாவது வீட்டின் ஜன்னலுக்குள் நுழைந்தது. மத்தியானம். சந்து முழுக்கக் கதவுகளைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. தயங்கித் தயங்கி மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். அவிழ்ந்த கூந்தலை அள்ளிச் செருகியபடியே சுபிக்ஷாவின் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

“கேபிள் ஆபீஸா? பொம்பளையை அனுப்ப ஆரம்பிச்சுட்டானா அந்த பிஷு! வா, உள்ள வா. ஒன்றரை மாசமாக் கத்தறேன்.”

இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். அறையில் ஒரு ஆர்மோனியம், அதன் எதிரே ஸ்டூலின்மேல் ஒரு கணினி. சுவரில் காலண்டர், அதில் சிவப்பு வட்டங்கள்.

“பாரு. திங்கள், புதன், வெள்ளி. ஆறு மணிக்கு நெட் போகும், எட்டு மணிக்கு வரும். சிங்கப்பூர்ல மூணு பெங்காலிப் பிள்ளைங்க எங்கிட்ட பாட்டு கத்துக்கிட்டிருந்தாங்க, இந்த கேமரா வழியா. அதுங்க அங்க உக்காந்திருக்கும், நான் இங்க ஆர்மோனியத்தை வெச்சுக்கிட்டு பொம்மை மாதிரி உக்காந்திருப்பேன். ஒருத்தி அம்மா சொல்லிட்டா, மாலபிகா தீதிக்கு வயசாச்சு, கிளாஸை மறந்துடறாங்கன்னு. பொண்ணை நிறுத்திட்டா. எனக்கா மறதி? நீயே சொல்லு!”

சுபிக்ஷா காலண்டரைப் பார்த்தாள். தன்னுடையதைவிட அழகாகக் குறித்திருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் நேரம் உறைத்தது. மதியம் இரண்டு மணி இதில் எங்கேயும் இல்லை.

“தீதி, நான் கேபிள் ஆபீஸ் இல்லை. எனக்கும் நெட் போகுது. இந்த ஒயர் உங்களுக்கு எங்கேர்ந்து வருது?”

“அந்த மாடியிலேர்ந்து.” மாலபிகா ஜன்னல் வழியே கை நீட்டினாள். “மதராஸிக்காரங்க யாரோ குடி வந்திருக்காங்க. அவங்க மாடிப்படியில ஒரு பெட்டி, அவங்க கரெண்ட்லதான் ஓடுதாம். பிஷு சொன்னான்.”

பலா மரத்துக்கு அப்பால் அந்த மொட்டை மாடி தெரிந்தது. கொடியில் ஒரு கத்தரிப்பூ நிறச் சுங்குடிப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. காலையில் சுபிக்ஷா துவைத்துப் போட்டது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறு மணிக்குப் பெங்காலி வகுப்பு. அவள் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரிகல் ஃபோர்மேன். வீட்டைப் பூட்டும்போது மெயினை அணைக்காமல் அவர் கோயிலுக்குக்கூடப் போனதில்லை. அவளும் அப்படித்தான். ஃபிரிட்ஜ் இரண்டு மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் அணைப்பாள். எட்டு மணிக்கு வந்து போடுவாள்.

சொல்லாமல் போய்விடலாம். இனிமேல் மெயினை அணைக்காமல் இருந்தால் போதும், ஒருவருக்கும் தெரியாது. இப்போது சொன்னால் இந்த அம்மாள் கத்துவாள். கத்தி முடிக்கவே நான்கு மணி ஆகிவிடும். தன் வேலை போய்விடும். அவள் மணியைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள்.

“தீதி, அது நான்தான்.”

“எது?”

“அந்த மதராஸிக்காரி. சாயந்தரம் வெளிய போறப்ப மெயினை அணைச்சுட்டுப் போவேன். அந்தப் பெட்டி எங்க கரெண்ட்ல ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. எங்கப்பாவோட பழக்கம்...”

“உங்கப்பா வந்து பாட்டு சொல்லித் தருவாரா என் பிள்ளைங்களுக்கு?”

சுபிக்ஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்படி வாரத்துல மூணு நாள் எங்கதான் போறே நீ?”

“பெங்காலி கத்துக்க.”

“பெங்காலி கத்துக்கறேன்னு பெங்காலிப் பாட்டை நிறுத்தியிருக்கே,” என்றாள் மாலபிகா. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. “சரி, உனக்கு எப்பப் போகுது?”

சுபிக்ஷா சொன்னாள். இரண்டு மணி, பன்னிரண்டு அறிக்கைகள், மூன்றாவது தாமதம், ராஜாராமன். பெங்காலி தடுமாறிய இடத்தில் இந்தி, இந்தி தடுமாறிய இடத்தில் நோட்டு.

“இப்ப மணி என்ன?”

“மூணு பத்து.”

“உன்னைத் திட்டறதுக்கு நாளைக்கும் நேரம் இருக்கு. எனக்கு உன் வீட்டிலேர்ந்து வருதுன்னா, உனக்கு வேற யார் வீட்டிலேர்ந்தோ வரும். அங்கயும் உன்னை மாதிரி ஒரு புத்திசாலி இருப்பா. உன் மாடியிலேர்ந்து இன்னொரு ஒயர் எங்க போகுது?”

“கிழக்கே. குளத்துக்கு மேல.”

“ஷெஃபாலி வீடு,” என்ற மாலபிகா செருப்பைத் தேடினாள். “தனியாப் போனா மத்தியானத்துல உனக்குக் கதவு திறக்க மாட்டா. வா.”

குளத்தைச் சுற்றிக்கொண்டு இருவரும் போனார்கள். ஓட்டுக் கூரை போட்ட சின்ன வீடு. மாலபிகா ஜன்னலடியில் நின்று மெதுவாகக் கூப்பிட்டாள். வெளியே வந்த பெண் உதட்டில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள்.

“அவர் தூங்கறார் தீதி. ராத்திரி வாட்ச்மேன் வேலை, காலையில மீன் கடை. தூங்கறதே இந்த ரெண்டு மணி நேரம்தான்.”

“உங்க வீட்டுல பிஷு ஒரு பெட்டி வெச்சிருக்கானா?”

“டிவி பெட்டியா? கட்டிலுக்கு மேல, சுவர்ல. ஃப்ரீயா கேபிள் தரேன்னான், ஒரு பிளக்கு மட்டும் குடுங்கன்னான். அது என்னமா இரைச்சல் போடுது! மத்தியானம் யார் டிவி பாக்கறாங்க? அவர் படுத்ததும் அணைச்சுடுவேன்.” அவள் சுபிக்ஷாவைப் பார்த்தாள். “ஏன், ஏதாவது தப்பா?”

குளக்கரையில் வரும்போது சுபிக்ஷா வகுப்பில் படித்த வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தாள். நீங்கள் ஏன் அணைத்தீர்கள், இதனால் எனக்கு எவ்வளவு நஷ்டம். அவற்றை அப்படியே விட்டுவிட்டாள்.

“தப்பில்லை. நான் பெட்டியைப் பார்க்கலாமா?”

மூவரும் பூனை போல உள்ளே போனார்கள். கட்டிலில் ஒரு ஒல்லியான மனிதர் முகத்தைக் கையால் மறைத்தபடி கிடந்தார். அவர் தலைக்கு நேர் மேலே பெட்டி. அதன் பின்னால், பிஷுவின் ஆட்கள் வெட்டச் சோம்பல்பட்டு விட்டுப்போன ஒயர் சுருள் சுருளாகத் தொங்கியது. ஃபோர்மேன் மகளுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

“இது வராண்டா வரைக்கும் வரும். நீளமா ஒரு பிளக் ஒயர் இருக்கா?”

இஸ்திரிப் பெட்டிக்கு என்று வைத்திருந்த ஒன்றை ஷெஃபாலி எடுத்து வந்தாள். சுபிக்ஷா ஸ்டூலில் ஏறிப் பெட்டியை ஆணியிலிருந்து கழற்றினாள். மாலபிகா கீழே நின்று ஒயரை ஏந்திக்கொண்டாள். ஆணியிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து கட்டிலில் விழுந்தது.

“கரெண்ட் போச்சா?” என்றார் அவர், கையை எடுக்காமலே.

“இல்லை, தூங்குங்க,” என்றாள் ஷெஃபாலி.

வராண்டாவில் அரிசி டின் மேல் பெட்டியை வைத்து பிளக்கைச் செருகியதும் பச்சை விளக்குகள் எரிந்தன. இரைச்சல் உள்ளே கேட்கிறதா என்று ஷெஃபாலி கட்டிலருகே போய் நின்று பார்த்தாள். கேட்கவில்லை என்று தலையாட்டினாள். அப்போது மணி மூன்று முப்பத்தெட்டு. சுபிக்ஷா ஓடினாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றி, சந்துக்குள் நுழைந்து, படியேறிக் கணினி முன் விழுந்தாள். சிவப்புப் பெருக்கல் குறி இல்லை.

இரண்டு அறிக்கைகள் போனபின் மாலபிகா மூச்சு வாங்கியபடி உள்ளே வந்து, யாரும் கேட்காமலே கட்டிலில் உட்கார்ந்தாள். திரையில் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின.

“ஏன் நின்னுடுச்சு?”

“நிக்கல தீதி. இதுதான் இதோட வேகம்.”

ஏழாவது போனபோது மூன்று ஐம்பது. ஒன்பதாவது பாதியில் சிணுங்கி, ஆரம்பத்திலிருந்து மறுபடி போனது. சுபிக்ஷா நகத்தைக் கடித்தாள். கடிக்காதே என்று மாலபிகா கையைத் தட்டிவிட்டாள். பன்னிரண்டாவது போனதும் போன் அடித்தது.

“வந்துடுச்சும்மா,” என்றார் ராஜாராமன். “மூணு ஐம்பத்தெட்டு. நான் ரிஜிஸ்டரைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இப்படியே எத்தனை நாள் ஓட்டுவே?”

எப்போதும்போல, தெரியலை சார், என் தப்பாக இருக்கலாம் என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். “இனிமே ரெண்டு மணிக்குப் போகாது சார். பெட்டியை வராண்டாவுக்கு மாத்தியாச்சு.”

“எந்தப் பெட்டி?”

“நாளைக்கு சொல்றேன் சார்.”

“சரி, நாளைக்குப் பதினாலு பதிவு அனுப்பறேன்,” என்று வைத்துவிட்டார்.

சுபிக்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாலபிகா எழுந்து வந்து திரையைக் காட்டினாள்.

“உன் வேலை முடிஞ்சுதா? இப்ப என் வேலை. இதுல ஸ்கைப் இருக்கா? ஐடி சொல்றேன், போடு. நான் சொன்னா அந்தச் சிங்கப்பூர் அம்மாக்காரி நம்ப மாட்டா. நீ சொல்லு.”

“எனக்கு அவ்வளவு பெங்காலி வராது தீதி.”

“எங்கிட்ட வந்துச்சே!”

சென்னைக்குப் பேச வாங்கியிருந்த கேமராவை மாட்டி சுபிக்ஷா ஸ்கைப்பில் அழைத்தாள். நான்கைந்து முறை மணி அடித்தபின் திரையில் முதலில் ஒரு நெற்றி வந்தது, பிறகு சதுரம் சதுரமாக ஒரு முகம். அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த ஒரு பெண்.

“யாரு?” குரல் உதட்டுக்கு இரண்டு வினாடி பின்னால் வந்தது.

“நான் மாலபிகா தீதியோட தெருவுல இருக்கேன்.” சுபிக்ஷா ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். “திங்கள், புதன், வெள்ளி ஆறு மணிக்கு நெட் போகுதில்லையா? அதை நான்தான் அணைச்சேன். தெரியாம. தீதி ஒரு நாள்கூட மறக்கலை.”

அந்த முகம் அசையாமல் நின்றது. லைன் போய்விட்டதோ என்று சுபிக்ஷா மூலையைப் பார்த்தாள், இல்லை. அந்தப் பெண் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு நாள்கூடவா?”

“ஒரு நாள்கூட இல்லை. காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்காங்க. நான் பார்த்தேன்.”

அங்கே ஒரு சின்னப் பெண் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். யாரும்மா, ஏன் இப்படிப் பேசறாங்க என்று கேட்டது இரண்டு வினாடி கழித்து இங்கே கேட்டது. மாலபிகா அந்தக் குரலைக் கேட்டதும் சுபிக்ஷாவைத் தள்ளிக்கொண்டு கேமரா முன் வந்து நின்றாள்.

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள், மறுபடி கேமராவைப் பார்த்தாள்.

“நாளைக்குப் புதன்கிழமை,” என்றாள். “நாளைக்கு ஆறு மணிக்கு, நெட்டை அணைச்ச அந்த இன்னொருத்தங்க எங்க இருப்பாங்க?”

“கிளாஸுக்குப் போயிருப்பேன்,” என்றாள் சுபிக்ஷா மாலபிகாவின் தோளுக்குப் பின்னாலிருந்து. “கரெண்ட் வீட்டுலயே இருக்கும்.”

குரல் போய்ச் சேரும்வரை காத்திருந்தார்கள். பிறகு அங்கே அந்தச் சின்னப் பெண் சிரித்தாள்.