சாமி வேண்டாமென்ற வண்டி

'டமார்!'

பின்னால் கேட்ட சத்தத்தில் அன்பழகனின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. டயர் வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். கண்ணாடியைப் பார்த்தான். பிக்கப்புக்குப் பின்னால் இருக்க வேண்டிய டிரெய்லரைக் காணோம். அது ஏறி வந்த மேட்டில் தன்பாட்டுக்குப் பின்னோக்கி உருண்டு போய்க்கொண்டிருந்தது. அதற்குள் எட்டு மாதச் சினைமாடு ஒன்று நின்றது.

இறங்கி ஓடினான். ஓடி என்ன செய்ய? நல்ல வேளையாக டிரெய்லரின் ஒரு சக்கரம் தார்ச்சாலையை விட்டு இறங்கி, சோளக்காட்டு வரப்பில் முட்டி நின்றது. மாடு அலறியதே தவிர விழவில்லை.

பின்னால் மொபெட்டில் வந்த குமாரசாமி, வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தான். அன்பழகனின் பக்கத்துக் காட்டுக்காரன். முப்பது ஆடு வளர்க்கிறான். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

"கொக்கி உட்டுப் போச்சா?"

கொக்கி விடவில்லை. கொக்கியைத் தாங்கும் இரும்பே துருப்பிடித்து, பிக்கப்பின் அடிச்சட்டத்திலிருந்து பிய்ந்து வந்திருந்தது.

"பதினாறு வருசத்து வண்டியக் கட்டிட்டு அழுதீன்னா இப்படித்தான். இன்னைக்கு டிரெய்லரக் கழட்டி உட்டுருச்சு. நாளைக்கு உன்னையும் கழட்டி உட்டுட்டு அதும்பாட்டுக்குப் போயிரும் பாரு," என்றான் குமாரசாமி.

அன்பழகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெண்ணந்தூர் சுற்றுவட்டாரத்தில் தரையோடு தாழ்ந்த மாட்டு டிரெய்லர் அவனிடம் மட்டும்தான் இருந்தது. சினைமாட்டைப் பலகை வைத்துப் பிக்கப்பின் மேலே ஏற்றினால் வழுக்கிவிடும். கன்று கலைந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. டிரெய்லரில் அந்தப் பயமில்லை, மாடு நடந்தே உள்ளே போய்விடும். அதனால் சினைமாடு வாங்கினவர்கள் எல்லோரும் அன்பழகனைத்தான் கூப்பிடுவார்கள். மக்காச்சோளம் அடிக்கும் காலத்தில் கதிரடிக்கும் மெஷினையும் அதே பிக்கப்தான் காட்டுக்குக் காடு இழுத்துப் போகும். இழுக்கிற வண்டியில் நம்பிக்கை போனால் தொழிலே போச்சு. அதைவிட, டிரெய்லர் வரப்புப் பக்கம் திரும்பாமல் நேராக உருண்டிருந்தால், அது போய் முட்டியிருப்பது பின்னால் வந்த மொபெட் மீதுதான். அந்த நினைப்பு அவனை இரண்டு நாள் சோறு தின்ன விடவில்லை.

வேறு வண்டி பார்த்தே ஆக வேண்டும் என்று நாமக்கல்லுக்குப் போனான்.

தண்டாயுதபாணி என்பவருடைய பழைய வண்டி யார்டில் ஒரு பிக்கப் அவன் கைக்குச் சிக்கியது. பார்க்கச் சகிக்காது. ஒரு கதவு வெள்ளை, மறு கதவு பச்சை. முன் பம்பர் நசுங்கியிருந்தது.

"மூஞ்சியப் பாத்து எடுக்கறதுக்கு இதென்ன கண்ணாலப் பொண்ணுங்களா?" என்றார் தண்டாயுதபாணி. "அடியில படுத்துப் பாருங்க. இழுக்கறது மூஞ்சி இல்லீங்க, சேஸு."

அன்பழகன் சாக்கை விரித்து அடியில் படுத்தான். ஸ்பேனரால் சேஸ் என்கிற அடிச்சட்டத்தை முன்னாலிருந்து பின்னால்வரை சாண் சாணாகத் தட்டினான். எங்கே தட்டினாலும் மணி மாதிரி ஒரே சத்தம். பின் ஸ்பிரிங் பட்டைகள் ஏழும் முறியாமல் இருந்தன. சுமையேற்றி மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்த்தான், கிளட்ச் வழுக்கவில்லை. விலைதான் அவன் நினைத்ததற்கு மேலே நின்றது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான்.

அந்த நாளைக்குள் கலையரசன் வந்து இறங்கினான்.

கலையரசன், அன்பழகனின் மனைவி இலக்கியாவின் அண்ணன். ஓமலூரில் காய்கறி லோடு அடிப்பவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அபிநயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தன் பிக்கப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். நாலே வருடத்து வண்டி. வெயிலில் கண் கூசியது.

"கொக்கி புடுங்கிப் போச்சாமா மாப்ள? இலக்கியா போன்ல சொல்லுச்சு. நான் பெரிய வண்டி எடுக்கலாம்னு இருக்கறேன். இத அடுத்தவனுக்குக் குடுக்க மனசு வல்ல. நாமக்கல்லுக்காரன் சொன்னதுல பாதிக்குக் கொஞ்சம் மேல குடுங்க, போதும். ஒட்டுக்காக் கூட வேண்டாம், கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க."

அன்பழகன் வண்டியைச் சுற்றி வந்தான். முன் இடது டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

"அலைன்மெண்ட்டுங்க மாப்ள. அரை நாள் சோலி."

குனிந்து அடியில் பார்த்தான். சேஸ் முழுக்கப் புதுக் கறுப்பு பூசியிருந்தது. இரும்பின் நிறமே கண்ணுக்குத் தெரியவில்லை.

"துருப் புடிக்கக் கூடாதுன்னு அடிச்சது. உங்குளுக்குக் குடுக்கற வண்டியாச்சே!"

சாக்கை விரித்துப் படுக்க வேண்டும், ஸ்பேனரால் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அன்பழகனுக்குக் கை ஊறியது. ஆனால் எப்படிப் படுப்பது? பெண் கொடுத்தவன் வீடு தேடி வந்து, பாதி விலைக்குத் தருகிறேன் என்று நிற்கிறான். அவன் கண் முன்னாலேயே அடியில் புகுந்து தட்டினால் உன்னை நம்பவில்லை என்று சொல்கிற மாதிரி. வேண்டாம் என்றால் அதைவிட மோசம். அடுத்த நோம்பி, பண்டிகைக்கு இலக்கியா எந்த முகத்தோடு பிறந்த வீட்டு வாசலை மிதிப்பாள்?

டீ கொண்டு வந்த இலக்கியா அண்ணன் கையில் டம்ளரைக் கொடுத்தாள். வாசலில் பளபளத்த வண்டியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஏனுங்க, பூ கேட்டுப் பாத்துரலாமுங்க," என்றாள் மெதுவாக.

கலையரசன் டீ புரையேறச் சிரித்தான். "வண்டி வாங்கறதுக்குமா பூ கேப்பாங்க? இனி கோழி வாங்கறதுக்கும் பூசாரியக் கூப்புடு!"

"என்னையக் கட்டிக் குடுக்கறதுக்குப் பூ கேட்டீங்கல்ல? அந்தப் பூவு நல்லாத்தான சொல்லுச்சு?"

கலையரசன் டம்ளரைக் கீழே வைத்தான். அன்பழகனுக்கோ தலையிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இனி வேண்டும், வேண்டாம் என்று அவன் வாயால் சொல்ல வேண்டியதில்லை. சாமி சொல்லிவிடும்.

பூ கேட்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. வெள்ளைப்பூ ஒன்று, சிவப்புப்பூ ஒன்று. தனித்தனியாக வாழையிலையில் மடித்து, நாரில் கட்டி, சாமி காலடியில் போடுவார்கள். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்ணின் வேலை. இலக்கியா குளித்து, கொல்லையில் அரளி பறித்து, சமையலறைக்குள் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள்.

மாரியம்மன் கோவிலில் பூசாரி செல்லமுத்து இரண்டு பொட்டலத்தையும் வாங்கிக் குலுக்கி, அம்மன் காலடியில் போட்டார்.

"எந்தக் குழந்தை எடுக்குது?"

"என்ர புள்ளையே எடுக்கட்டும்," என்றான் கலையரசன். "அப்பனுக்கு நல்லதத்தான் எடுப்பா. போ சாமி, ஒண்ண எடுத்து பூசாரி தாத்தாகிட்டக் குடு."

ஆறு வயது அபிநயா நெடுநேரம் யோசித்தாள். இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் இடது பக்கம் கிடந்ததை எடுத்து நீட்டினாள். செல்லமுத்து நாரை அவிழ்த்தார்.

சிவப்பு.

கலையரசன் முகம் சுருங்கிப் போனது. உடனே சமாளித்துக்கொண்டான். "பாத்தீங்களா மாப்ள, என்ர புள்ளையே எனக்கு ஆப்பு வெச்சுட்டா! செரி உடுங்க. சாமிகிட்ட மல்லுக்கு நிக்க முடியுமா?"

மீதிப் பொட்டலத்தைப் பூசாரி கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு, இலக்கியா கோவில் கிணற்றை நோக்கி நடந்தாள். அவளுக்கு எப்போதுமே சாமி காரியத்தில் பயம் அதிகம் என்று அன்பழகன் நினைத்துக்கொண்டான்.

மறுநாளே நாமக்கல் போய், ஒரு கதவு வெள்ளையும் ஒரு கதவு பச்சையுமான வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். புதுக் கொக்கி அடித்தான். வண்டி மேட்டில் டிரெய்லரை இழுத்த இழுப்பில் அவனுக்கு மறுபடியும் சோறு இறங்கியது.

பத்து நாள் கழித்து, பால் ஊற்றப் போகும் நேரத்தில் குமாரசாமி வந்தான்.

"உன்ர மச்சான் வண்டி இன்னும் விக்காம நிக்குதாமா? நீ எடுக்கலீன்னா நான் எடுத்துக்கட்டுமா? ஆட்டச் சந்தைக்குக் கொண்டு போறதுக்கு வண்டி வாடகைக்கே பாதி போயிருது. தீவனத்துக்கு ஒரு சின்ன டிரெய்லரும் போட்டுக்கலாம்னு ரோசனை."

"தாராளமா எடு."

"இல்ல... சாமி வேண்டாம்னு சொல்லுச்சுன்னாங்க?"

"அது எனக்குச் சொன்னது," என்றான் அன்பழகன். "என்ர பேருக்கு அந்த வண்டி ஆகாது, அவ்வளவுதான். வண்டியில என்ன குத்தம்? நாலு வருசத்து வண்டி. புதுசாட்ட வெச்சிருக்கறான். உன்ர ராசிக்கு ஓஹோன்னு ஓடும்."

அப்படித்தான் அந்த ஊரில் எல்லோரும் நினைப்பார்கள். பூ கேட்டவனுக்குத்தான் பூவின் பதில். ஒருவனுக்கு ஆகாத பெண்ணோ மாடோ வண்டியோ இன்னொருவனுக்கு ஆகலாம்.

உள்ளே பால் கேனின் மூடி தரையில் விழுந்து உருண்டது. இலக்கியா வாசல்படியில் வந்து நின்றாள்.

"சாமியே வேண்டாம்னதுங்க. அத எதுக்குங்க இன்னொருத்தர் தலையில கட்டறது?"

"தங்கச்சி, உன்ர அண்ணன் வண்டிய நீயே விக்க உடமாட்ட போலிருக்குதே!" குமாரசாமி சிரித்தான். "பயப்படாத, ஒரு தேங்காயச் சுத்தி ஒடைச்சு, எலுமிச்சம்பழத்துல ஏத்திட்டாப் போச்சு."

இலக்கியா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மூடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குமாரசாமி வண்டியை எடுத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, சந்தைக்கு ஆடுகளை ஏற்றி, பின்னால் டிரெய்லரில் சோளத்தட்டைக் கட்டுகளோடு போனவன், சேலம் ரோட்டில் ஒரு பாலத்து வேகத்தடையில் ஏறி இறங்கியிருக்கிறான். அவ்வளவுதான். அன்பழகன் போய்ச் சேர்ந்தபோது வண்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டாக மடிந்து கிடந்தது. நாலைந்து ஆடுகள் சாலையோரம் அசையாமல் கிடந்தன. குமாரசாமியை ஆம்புலன்சில் கொண்டு போய்விட்டார்கள்.

வண்டியைத் தூக்க கிரேன் கொண்டு வந்திருந்த ஆள், மடிந்த இடத்தில் கறுப்பை நகத்தால் சுரண்டிக் காட்டினான்.

"பாருங்ணா. இது ஏற்கெனவே ஒருக்கா ஒடைஞ்ச சேஸு. தகடு வெச்சு ஒட்டி, மேல கறுப்படிச்சு மறைச்சிருக்காங்க. ஸ்பேனர எடுத்து ஒரு தட்டுத் தட்டியிருந்தா டப்பாச் சத்தம் காட்டிக் குடுத்திருக்கும். இதுல போயி டிரெய்லரக் கட்டி இழுத்திருக்காரு பாவம்."

ஆஸ்பத்திரியில் குமாரசாமியின் மனைவி பொன்னாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்பழகனைப் பார்த்ததும் அவள் அழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களக் கேட்டுட்டுத்தானுங்க எடுத்தாரு. அன்பழகனே நல்ல வண்டின்னு சொல்லிட்டான், இனி எதுக்கு மெக்கானிக்குன்னு சொன்னாருங்க."

அன்பழகனால் அங்கே நிற்க முடியவில்லை.

வெளியே வந்து கலையரசனுக்குப் போன் போட்டான். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டான். சுவிட்ச் ஆஃப். வழி நெடுக ஒரே கணக்குத்தான் அவனுக்குள் ஓடியது. நான் ஏன் அன்றைக்குச் சாக்கை விரிக்கவில்லை? விரித்திருந்தால் மச்சான் உறவு போயிருக்கும். குமாரசாமிக்குக் கால் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. இலக்கியா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். கறுப்புக்கு அடியிலிருந்த வெல்டு, குமாரசாமியின் கால், பொன்னாயியின் பேச்சு. உங்க அண்ணன் என்று இரண்டு முறை ஆரம்பித்து, இரண்டு முறையும் அவனே நிறுத்திக்கொண்டான்.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் அவனால் இருக்க முடியவில்லை.

"நாம என்ன புள்ள பண்ண முடியும்? வெல்டு இருக்கறது எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா? அந்தச் சாமி ஒருத்திக்குத்தான் தெரிஞ்சிருக்குது. அவ செவப்பக் காட்டி நம்மளக் காப்பாத்துனா. குமாரசாமியும் ஒரு பூ கேட்டுட்டு எடுத்திருக்கலாம். கேக்கலியே. அதுக்கு நாம என்ன பண்றது?"

இலக்கியா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு அதை எடுத்தாள்.

"ரெண்டு பொட்டலத்துலயும் நான் செவப்பு அரளியத்தானுங்க வெச்சேன்."