பூட்டிக் கிடந்த இருபத்திமூன்று வீடுகள்

ஈவாஞ்சலின் தன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை எழுதி முடித்தபோது, கரிமேட்டுக் காலனியில் ஒரு நாள்கூடக் கால் வைத்திருக்கவில்லை. துறைமுகச் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தக் குடியிருப்பைப் பற்றி எழுத நகரக் கோட்பாட்டு நூல்களும், முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய கணக்கெடுப்பு அறிக்கை ஒன்றும் போதுமாக இருந்தன. கூலிக்கு வந்துபோகிறவர்களின் இடம், யாரும் வேர்பிடிப்பதில்லை, மூன்றில் ஒரு வீடு காலி என்றது அறிக்கை. நெறியாளர் ராஜதுரை ஓரத்தில் ‘எக்ஸலன்ட்’ என்று எழுதினார்.

பிறகு அவளே கணக்கெடுக்கப் போனாள். தன் ஊரான சாயர்புரத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் காலனிக்கு வந்துசேரப் பதினோரு மணி ஆகும். அறுபத்தெட்டு வீடுகளில் இருபத்திமூன்று பூட்டியிருந்தன. அறிக்கை சொன்னதேதான். ஆனாலும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூட்டிய வாசல்களில் ஈரத்துணி தொங்கியது.

முனையில் இட்லிக்கடை வைத்திருந்த சந்தனச்செல்வி ஒருநாள் கேட்டாள். “எங்களப் பத்தி என்னளா எழுதிருக்க?”

ஈவாஞ்சலின் வாசித்துக் காட்டினாள்.

“காலி வீடா? எது?”

பட்டியலை நீட்டினாள். சந்தனச்செல்வி சத்தமாகச் சிரித்தாள். “இது லிங்கராஜ் வீடு. புருசனும் பொண்டாட்டியும் விடியமுன்ன உப்பளத்துக்குப் போயிருதாவ. இது ரோஸ் வீடு, அவ றால் கம்பெனிக்குப் போறா. பதினோரு மணிக்கு வந்து தட்டுனா எவ தொறப்பா?”

ஈவாஞ்சலினுக்கு முகம் சுட்டது. அங்கேயே நின்று, பையிலிருந்த பழைய அறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டினாள். ‘கணக்கெடுத்த நேரம்: காலை பத்து முதல் ஒன்று வரை.’ மற்ற எல்லாப் பக்கத்திலும் அடிக்கோடு போட்டிருந்தவள் இந்த வரியைப் பார்த்ததே இல்லை.

அன்று ஊர் திரும்பாமல் மாலை ஆறு மணிக்கு அந்த இருபத்திமூன்று கதவுகளையும் மறுபடி தட்டினாள். இருபது திறந்தன. “மூத்தவளப் பெத்ததே இந்த வீட்லதான், முப்பத்தொரு வருசம் ஆச்சு,” என்று ரோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார முடியாமல் நின்றுகொண்டே எழுதினாள் ஈவாஞ்சலின்.

ராஜதுரையிடம் போனில் சொன்னாள்.

“சப்மிஷனுக்கு மூணு வாரம்தான் இருக்கு. அடிக்குறிப்புல ஒரு வரி போட்டு முடிம்மா.”

“அத்தியாயமே தப்பு சார்.”

“மாத்துனா ஆறு மாசம் இழுக்கும்.”

“இழுக்கட்டும் சார்.”

அடுத்த வாரம் அவள் முகத்தைப் பாராமலே அவர் நீட்டிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அவள் சான்றுப் பட்டியலில் இன்னும் நாற்பது அறிக்கைகள் இருந்தன. யார், எப்போது, யார் வீட்டைத் தட்டி எழுதினார்களோ. நேராக நூலகத்துக்குப் போய், அந்த நாற்பதில் முதல் அறிக்கையை மறுபடி எடுத்துத் தரச் சொன்னாள்.