போல்ட்டுக்குப் பொட்டு

ஃபெபா நெற்றியில் பொட்டு வைக்கிறவள் அல்ல. அவள் பிறந்த வீட்டிலும் சரி, புருஷன் ஜாக்சன் வீட்டிலும் சரி, அந்தப் பழக்கமே கிடையாது. ஆனால் நாள் முழுக்க அவள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை பொட்டு வைப்பதுதான். ஓசூரில் வண்டி செய்கிற ஒரு கம்பெனியில், சக்கரம் மாட்டுகிற இடத்தில் அவள் இன்ஸ்பெக்டர். ஒருவர் நட்டை இறுக்கிவிட்டு அதன் தலையில் மஞ்சள் மார்க்கரால் ஒரு பொட்டு வைப்பார். ஃபெபா அதே நட்டில் இறுக்கம் அளக்கிற டார்க் ரெஞ்சைப் போட்டு வலப்பக்கம் இழுப்பாள். ‘டக்’ என்று சத்தம் வந்தால் இறுக்கம் சரி. மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. சத்தம் வராவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் நிற்கும். இரண்டு பொட்டு இல்லாமல் ஒரு சக்கரம் அவளைத் தாண்டிப் போனதாக வரலாறு இல்லை.

இப்படிப்பட்ட ஒருத்தி வீட்டில் மட்டும் சும்மா இருப்பாளா? ஜூஜுவாடியில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் நின்ற பழைய ஜீப்புக்கும் அதே சட்டம்தான். இறுக்குகிறவர் மஞ்சள் வைக்க வேண்டும், சரிபார்க்கிறவர் வெள்ளை வைக்க வேண்டும். கொட்டகைக்குள் புருஷன், பெண்டாட்டி என்ற சலுகை கிடையாது.

அந்த ஜீப் வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜாக்சன் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்தவன். போன வருஷம் மெஷின் அவன் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டது. காயம் ஆறியது, அவன் ஆறவில்லை. கம்பெனி அவனை ஸ்டோரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தது. வீட்டிலும் அவன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் மாதிரியே இருந்தான். ஊறுகாய் பாட்டில் மூடியைக்கூடத் திறப்பதில்லை. ஒரு வார்த்தை பேசாமல் அவள் பக்கம் தள்ளிவிடுவான். அந்த பாட்டில் மேஜையில் தன்னை நோக்கி நகர்ந்து வரும்போதெல்லாம் ஃபெபாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கும். திறந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பேரிகையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன இடத்தில்தான் அந்த ஜீப்பைப் பார்த்தார்கள். ராஜப்பன் என்பவருடைய தக்காளித் தோட்டத்தில் அது கிடந்தது. பரங்கிக்கொடி ஸ்டியரிங் வரைக்கும் ஏறிப் பூ விட்டிருந்தது. மாதக்கணக்கில் எதையும் ஏறெடுத்துப் பார்க்காத ஜாக்சன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான். பானெட்டைத் தூக்கி, உள்ளே குடியிருந்த ஓணானை விரட்டினான். ஃபெபா ஜீப்பைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள். அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

“கொடியோட சேத்து எடுத்துக்கம்மா” என்றார் ராஜப்பன். வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பேசுகிற மனிதர். தமிழை விருந்தாளிகளுக்காக வைத்திருந்தார். தோட்டத்துக்குப் பின்னால் சின்னக் குன்றாக நின்ற கரட்டைக் காட்டி ஜாக்சனிடம் ஒரு வார்த்தையும் சொன்னார். “அதோ, அந்தக் கரட்டு மேல எனக்கு இன்னொரு தோட்டம் இருக்குது. தக்காளி எறக்கறதுக்கு மூணு ஜீப்பு ஓட்டறேன், மூணும் மாசம் ஒருக்கா மக்கர் பண்ணுது. இத நீ சரி பண்ணி அது மேல ஏத்திக் காட்டு. அப்பறம் என் வண்டி மூணையும் உன் கையிலதான் உடுவேன்.”

சொன்னவர் மறந்திருப்பார். ஜாக்சன் மறக்கவில்லை. ஏறிவிட்டால் ஸ்டோர் நாற்காலியை விட்டுவிட்டு இதே கொட்டகையில் ஜீப் வேலை பார்க்கலாம். ஏறாவிட்டால், போன விரல் போனதுதான் என்று கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாம். அவன் மனசில் இப்படி ஒரு கணக்கு ஓடுவது ஃபெபாவுக்குத் தெரியும். அவள் அப்பா தேவமணி ஒரு நாள் வந்து கொட்டகையைப் பார்த்துவிட்டு, “மாப்ளைக்குக் கட்டிக் குடுத்தேன்னு பாத்தா, நீ காயலான் கடைக்கு வாக்கப்பட்டு இருக்கறயே” என்றார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இருவருக்கும் ஷிப்ட் நேரெதிர். அவள் காலையில் கம்பெனி பஸ் ஏறினால், அவன் மத்தியானம் கிளம்பும் வரை ஜீப்போடு இருப்பான். அவள் சாயங்காலம் வந்து, அவன் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது ராத்திரிச் சாப்பாட்டிலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும்தான் என்று சொன்னால் பொய்யில்லை. மற்ற நேரமெல்லாம் பொட்டுதான் பேச்சு. கியர்பாக்ஸில் மஞ்சள் இருந்தால் அவன் சந்தோஷமாக இருக்கிறான் என்று அர்த்தம். அவள் வெள்ளை வைத்தால் அவளும்தான். அவன் இடது கையால் பிடித்து, வலது உள்ளங்கையை வைத்து, தோளால் தள்ளி இறுக்கப் பழகிக்கொண்டிருந்தான். இன்ஜின் முதல் தடவை கரும்புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்ற அன்று, பக்கத்து வீட்டு சரோஜம்மாள் துணி காயப் போட்டிருந்த கொடியோடு ஓடிவந்து திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டே இருவரும் சிரித்தார்கள். அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

பெயின்ட் முடிந்தது, பிரேக் முடிந்தது, பதிவு புதுப்பித்த காகிதமும் வந்தது. கடைசி வேலை சக்கரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பேரிகைக்குக் கிளம்புவதாக ராஜப்பனிடம் சொல்லியாகிவிட்டது.

சக்கரம்தானே, அவளுடைய சொந்த ராஜ்ஜியம். சாயங்காலம் வந்ததும் டார்க் ரெஞ்சை எடுத்தாள். வலப்பக்கச் சக்கரம் இரண்டிலும் டக், டக், டக். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. எழுந்து இடப்பக்கம் வந்தாள். முதல் நட்டில் ரெஞ்சைப் போட்டு இழுத்தாள். சத்தம் வரவில்லை. நட்டு அவள் கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும்.

ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இடப்பக்கம் கொட்டகைச் சுவர் நெருக்கம். அங்கே குந்தி உட்கார்ந்தால் வலது கையால்தான் பலம் கொடுக்க முடியும். அந்தக் கையால் முடியவில்லை போல. முடியவில்லை என்று சொல்லவும் மனசு வராமல் மஞ்சள் வைத்திருக்கிறான். கம்பெனியில் இது நடந்திருந்தால் சிவப்புச் சீட்டு கட்டியிருப்பாள். இங்கே துணியில் தின்னரைத் தொட்டு, சத்தமில்லாமல் அந்த மஞ்சள் பொட்டுகளை அழித்தாள். சொல்லிக் காட்டுவதைவிட இது மேல் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

மறுநாள் சாயங்காலம் அங்கே புது மஞ்சள் இருந்தது. ஆசையாக ரெஞ்சைப் போட்டாள். மறுபடியும் நட்டு கையோடு வந்தது. தானே இறுக்கிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இழுக்க இழுக்க இன்னும் தளர்ந்தது. நட்டுக்குள் சுற்றி வெட்டியிருக்கிற மரையே தேய்ந்துவிட்டதோ என்று பயந்தாள். மறுபடி அழித்தாள். அதற்கு மறுநாளும் இதே கூத்து. வீட்டில் அதைப்பற்றி ஒரு பேச்சு இல்லை. ஊறுகாய் பாட்டில் மட்டும் முன்னைவிட வேகமாக அவள் பக்கம் நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஜாக்சன் வெள்ளைச் சட்டையோடே கொட்டகைக்குப் போனான். ஃபெபா புளிசாதத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு பின்னால் போனபோது அவன் இடப்பக்கச் சக்கரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். பொட்டில்லாத நட்டுகள் பளபளத்தன.

“கை போச்சுன்னு வாயத் தொறந்து சொல்லிடு ஃபெபா. அழிச்சு அழிச்சு எதுக்குச் சொல்ற?”

“நான் அப்பிடி நெனைக்கலைங்க.”

“நெனைக்காமயா மூணு தடவ அழிச்ச? நான் வந்து பாக்கறப்பெல்லாம் நட்டு லூசா இருக்குது. நான் இறுக்கினது பத்தலைன்னு நீயே காட்டறயா?”

“நான் எதுக்குங்க லூசாக்கறேன்? இழுத்தா சத்தமே வரல, சுத்திகிட்டே போவுது. நான் என்ன பண்ணட்டும்?”

“அப்ப கைதான் போச்சு.” அவன் போனை எடுத்தான். “ராஜப்பன் அண்ணனுக்குச் சொல்லிடறேன். வந்து எடுத்துட்டுப் போவட்டும்.”

மறுமுனையில் ராஜப்பன் ‘ஏனப்பா’ என்று ஆரம்பிப்பதற்குள் ஃபெபா போனைப் பிடுங்கிவிட்டாள். “அண்ணா, நாங்க கெளம்பிட்டோம். சோறு கட்டியாச்சு. தயிர் மட்டும் உங்க வூட்டுல” என்று சொல்லி வைத்தாள். பிறகு நட்டு ரெஞ்சை எடுத்து அவன் கையில், அந்த வலது கையில், திணித்தாள்.

“என் கண்ணு முன்னாடி இறுக்குங்க. நான் பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு அவன் குந்தினான். ரெஞ்சைப் போட்டான். உள்ளங்கையை வைத்தான். தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

“ஏய், ஏய்! கழட்டறீங்க!”

“இறுக்கறேன்.”

“அது இடப்பக்கம் சுத்துதுங்க!”

அவன் நிமிர்ந்து, இது என்ன கேள்வி என்பதுபோல் அவளைப் பார்த்தான். “இடப்பக்கச் சக்கரம் இடப்பக்கம்தானே இறுக்கும்? அந்தக் காலத்து ஜீப்பு அப்பிடித்தான். வண்டி ஓடறப்ப நட்டு தானா கழண்டுக்கக் கூடாதுன்னு இந்தப் பக்கம் மரைய மாத்தி வெட்டியிருக்கான்.”

“இத ஏங்க எங்கிட்ட சொல்லவே இல்ல?”

ஜாக்சன் ரெஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “மொத நாளு சக்கரத்தக் கழட்டறப்ப எனக்கும் தெரியாது. எல்லாத்துலயும் மாதிரி இழுத்து நட்டு மாட்டற ஸ்டட்டு ஒண்ண ஒடச்சிட்டேன். ராஜப்பன் அண்ணனுக்கு போன் போட்டுக் கேட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன். ஒடச்சேன்னு உங்கிட்ட எப்பிடிச் சொல்றது? புது ஸ்டட்டு வாங்கிப் போட்டுட்டேன்.”

ஃபெபா குனிந்து பார்த்தாள். துருவும் பெயின்டும் தின்றது போக, ஒவ்வொரு ஸ்டட்டின் நுனியிலும் ‘லெஃப்ட்’ என்பதற்கான ஆங்கில ‘எல்’ எழுத்து ஒன்று மங்கலாகத் தெரிந்தது. எத்தனை ஆயிரம் சக்கரத்தைப் பார்த்த கண்! அத்தனையும் வலப்பக்கம் இறுக்குகிற சக்கரம். காலையில் அவன் தோள் வலிக்க இறுக்கிவைத்த நட்டை, சாயங்காலம் வந்து அக்கறையாகக் கழற்றிவிட்டிருக்கிறாள். தினமும். அதுவும் சரிபார்க்கிறேன் என்ற பெயரில்.

முதலில் சிரிப்பு வந்தது. சர்ச்சுப் புடவையோடு கொட்டகை மண்ணில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. “உங்க கைக்கு ஒண்ணும் ஆவலைங்க. நான்தான் எமனா இருந்திருக்கேன்” என்றாள். அவன் ரெஞ்சைக் கீழே வைத்தான். பிறகு அவனும் மண்ணில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான்.

இரண்டு இடப்பக்கச் சக்கரத்தையும் அவனே இறுக்கி மஞ்சள் வைத்தான். அவளுடைய டார்க் ரெஞ்சு வலப்பக்கம் இழுத்தால்தான் சத்தம் போடும். இந்தப் பக்கத்துக்கு அது ஊமை. அதற்காகச் சட்டத்தை விடுவாளா ஃபெபா? நட்டு ரெஞ்சை நட்டில் மாட்டி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் நீளமான கைப்பிடியில் ஏறி நின்றாள். இடப்பக்கம் இன்னும் சுற்றுகிறதா என்று தன் முழு எடையையும் போட்டு மிதித்தாள். நட்டு மயிரிழைகூட அசையவில்லை. இரண்டு தடவை குதித்தும் பார்த்தாள். பாறை. ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, மூச்சு வாங்க, வெள்ளைப் பொட்டு வைத்தாள்.

பாகலூர் வழியாக பேரிகை போய்ச் சேர்ந்தபோது ராஜப்பன் தோட்டத்தில் ஒரு கூட்டமே நின்றது. தக்காளி பறிக்க வந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கரடு கீழிருந்து பார்க்க அப்படி ஒன்றும் பெரிதில்லை. ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் ஆகாயத்துக்குப் போட்ட ரோடு மாதிரி இருந்தது.

ஜாக்சன் நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற மாதிரி சின்ன லீவரைத் தள்ளினான். முதல் கியர். இன்ஜின் முனகிக்கொண்டு ஏற ஆரம்பித்தது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஃபெபா கதவில்லாத பக்கமாகத் தலையை நீட்டி, தன் காலடியில் சுற்றுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி ஏற்றத்தில் சரளைக்கல் வழுக்கியது. பின்பக்கம் ஒரு முழம் சறுக்கி, கல் பறந்தது. கீழே பெண்கள் ஓவென்று கத்தினார்கள். “ஹத்து! ஹத்து!” என்று ராஜப்பன் கன்னடத்தில் தொண்டை கிழிய ஏறச் சொன்னார். ஜாக்சனின் வலது கை ஸ்டியரிங்கை உள்ளங்கையோடு அழுத்திப் பிடித்திருந்தது. அவன் பதறவில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, கெட்டி மண்ணைத் தேடிக் கொடுத்தான். ஜீப் ஒரு தடவை உதறிக்கொண்டு பிடித்தது. ஃபெபா சக்கரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நேராக உட்கார்ந்தாள்.

உச்சியில் போய் நின்றபோது கர்நாடகா எல்லை வரைக்கும் தெரிந்தது. கீழேயிருந்து விசிலும் கைதட்டலும் ஏறி வந்தன. ராஜப்பன் தயிர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க நடந்தே மேலே வந்தார். “நாளைக்கே ஒண்ண அனுப்பறேன், கிளட்சு பாத்துடு. மிச்ச ரெண்டும் வரிசையா வரும்” என்று ஜாக்சனின் முதுகில் ஒரு அறை வைத்தார். ஜாக்சன் தலையாட்டினான்.

பானெட்டின் மேல் புளிசாதத்தைப் பிரித்தாள். பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வலது உள்ளங்கையை மூடியின் மேல் வைத்து ஒரு திருப்பு திருப்பினான். ‘டக்’.

ஃபெபா பையிலிருந்து வெள்ளை மார்க்கரை எடுத்தாள். அவன் கையை இழுத்துப் பிடித்து, பாதியாய் நின்ற இரண்டு விரல் நுனியிலும் ஆளுக்கொரு பொட்டு வைத்தாள்.

“கை பாஸ்” என்றாள். “இனிமே ஊறுகா பாட்டிலு உங்க டிபார்ட்மென்டு.”