நாற்பத்தேழாவது பேய்

லெனார்ட் பாஸ்க்குக்குப் பேய் என்றால் உயிர். அதற்காக அவர் பேயை நம்புகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்தெட்டு வயதாகியும் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லையே என்பது அவருடைய தீராத குறை. நாவல் எழுதுவது பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் பழைய லண்டன்தான். தேம்ஸில் நீர் இறங்கியதும் சேற்றில் குந்தி, உடைந்த களிமண் புகைக்குழாய்களைப் பொறுக்குவார். இருநூறு வருஷத்து வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, இன்று வங்கி நிற்கும் இடத்தில் அன்று எந்தத் தூக்குமேடை நின்றது என்று தெருத் தெருவாக அலைவார். மனைவி பிரிந்துபோனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

அந்தப் பைத்தியத்தில் லண்டன் பேய்களைப் பற்றி ஒரு புத்தகமும் போட்டார். வரைபடம் வரைகிறவர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. இல்லாத தெரு ஒன்றைச் சத்தமில்லாமல் வரைந்து வைப்பார்கள். எவனாவது காப்பியடித்தால் அந்தத் தெருவே அவனைக் காட்டிக்கொடுக்கும். லெனார்டும் நாற்பத்தாறு பேய்களுக்குப் பின்னால் நாற்பத்தேழாவதாக ஒன்றைத் தானே பெற்றுப்போட்டார். தேம்ஸ் கரையில் வாப்பிங் பக்கம், கேண்டில் படித்துறையில், நீர் இறங்கும் வேளையில், தலை நனைந்து நிற்கும் ஒரு சிறுமி. ஒரு காலில் மட்டும் ஷூ. இரண்டே வருஷத்தில் மூன்று பேர் அவளை அப்படியே திருடித் தங்கள் புத்தகத்தில் போட்டுக்கொண்டார்கள். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மார்ச் மாதக் காலை ஒன்றில் சேற்றிலிருந்து நிமிர்ந்தபோது, அதே படித்துறையில் ஒரு கிழவி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். எதிரே யாரும் இல்லை. பாசி பிடித்த படி; கிழவியின் கையில் ஒரு தடிகூட இல்லை. லெனார்ட் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

கிழவி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அட, நீதானே அந்தப் புத்தகக்காரன்? பின்னட்டையில போட்டோ பார்த்திருக்கேன். கண்ணு, உனக்குக் கோடிப் புண்ணியம்!"

அவள் பெயர் ஐவி ப்ரோபர்ட். பின்னாலிருக்கும் குடியிருப்பில் நாலாவது மாடி. அறுபது வருஷத்துக்கு முன் இந்தப் படியில்தான் தங்கை நோரா மூழ்கினாள்.

"படகுல இருந்து சிந்தின கரி பொறுக்க நான்தான் அவளைக் கீழ் படிக்கு இறங்கச் சொன்னேன். பயந்தாங்கொள்ளின்னு கேலி வேற பண்ணேன். தூக்கினப்போ ஒரு கால்ல ஷூ இல்ல. அது எங்க வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. நீ எழுதியிருந்தியே! மூணு வருஷமா தினம் வர்றேன், மன்னிச்சுக்கடீன்னு சொல்லிட்டுப் போறேன்."

ஆற்றில் செத்த பிள்ளைக்கு ஒரு ஷூ இல்லாமல் போவது பெரிய அதிசயமா? லெனார்ட் பிடித்த கையை விடாமல் நின்றார்.

"என் மகன் கடலோரமா சௌதெண்டுக்குக் கூப்பிடறான். தரையோட ரூம், படியே கிடையாது. ஆனா நான் போயிட்டா அவ யாரைத் தேடுவா? நீ விவரம் தெரிஞ்சவன். போகட்டுமா, இருக்கட்டுமா? நீ சொன்னாக் கேக்கறேன்."

உண்மையைச் சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம். இந்தப் பாசியில் கிழவி நாளைக்கே விழுந்தால் அந்தக் கணக்கும் அவர் தலையில்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் பேனாவால் கெட்டார், அதுவும் இன்னொருத்தியையும் சேர்த்துக்கொண்டு.

"மிசஸ் ப்ரோபர்ட், போங்க. இங்க யாரும் இல்ல. அந்தப் பொண்ணை நான்தான் கற்பனை பண்ணேன். காப்பியடிக்கிறவங்களைப் பிடிக்க வச்ச பொறி அது. உங்க தங்கச்சியைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

ஐவி கத்தவில்லை. கையை மட்டும் மெல்ல விடுவித்துக்கொண்டாள். ஒரு படகு கடந்து, அதன் அலை படியில் வந்து அடித்து ஓய்ந்தது.

"போன வாரம்தான், அவ மன்னிச்சுட்டான்னு மனசுல பட்டுச்சு. அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

"என்னை மன்னிச்சிடுங்க," என்றார் லெனார்ட். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நீ கேக்கலாம்ப்பா. நான் உன் எதிர்ல நிக்கறேன்," என்றாள் ஐவி. "நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது?"