முனியாண்டியின் நற்சான்று

இருளாண்டி மூன்று வருஷம் சிறையில் கிடந்ததற்கு நானும் ஒரு காரணம். மலாயாவில் செங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, கணக்கெழுதுகிறவன். கோர்ட்டில் அவனுக்கு மொழிபெயர்த்த புண்ணியவானும் நானே. அது கம்யூனிஸ்டுகள் காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகாலம். வேலிக்கு வெளியே ஒரு கவளம் சோறு போனாலும் கம்யூனிஸ்டுக்குத்தான் என்பார்கள். இருளாண்டி கையில் பிடிபட்ட சோறு யாருக்கு என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "முனியாண்டிக்கு" என்றான் இருளாண்டி. அப்படியே சொன்னேன். முனியாண்டி சாமி, மரத்தடிக் கல் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் என்று அதட்டினார்கள். பயந்தாங்கொள்ளி, அடங்கிவிட்டேன்.

பிறகு மேல் கோர்ட்டு அவனைக் குற்றமற்றவன் என்று விட்டது. ஆனாலும் போலீஸ் கடிதம் இல்லாமல் பால்வெட்டு வேலையில்லை என்றார் தோட்டத்துத் துரை. நான் அவனை இன்ஸ்பெக்டரிடம் கூட்டிப்போனேன்.

"இவன் நிரபராதிதான். கூட்டாளி முனியாண்டி இன்னும் பிடிபடவில்லையே" என்றார் அவர்.

கல் என்று விளக்கினேன். கல்லானாலும் சரணடையட்டும், ஃபைலை மூடலாம் என்றார்.

சூடம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டு, முனியாண்டியை லாரியில் ஏற்றினோம். ஸ்டேஷனில் உயரம் அளந்தார்கள். நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுத்தார்கள். ஒன்றுக்கும் மறுத்துப் பேசாததால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதி, லாக்கப்பில் வைத்துப் பூட்டினார்கள்.

இருளாண்டி கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கிராணியாரே, அவர உள்ள வச்சிட்டு நான் வெளிய பால் வெட்டணுமா? அவரு ஒரு பருக்க தொடல. எப்பவும் படைச்சிட்டு நாங்கதான் திம்போம். இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்கலா!"

சொன்னால் ஃபைல் மூடாது, கடிதம் போய்விடும். கூட வந்திருந்த அவன் பெண்டாட்டி சுப்பம்மா என்னையே பார்த்தாள். ஆனாலும் இந்த முறை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் ஃபைலில் 'சோற்றைத் தொடவில்லை' என்று எழுதிக்கொண்டார். முனியாண்டியை விடுவித்துக் கடிதமும் அடித்துக் கொடுத்தார்: முனியாண்டி குற்றமற்றவர், வேலைக்குச் சேர்க்கலாம்.

"இருளாண்டிக்கு?"

"அவனைத்தான் கோர்ட்டே விட்டாயிற்றே. அவனுக்கு எதற்குக் கடிதம்?"

துரைக்குக் கடிதம் போதும். மறுநாளே முனியாண்டிக்கு வேலை கொடுத்துவிட்டார். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, நான்தான் பெயர் கூப்பிடுகிறேன். "முனியாண்டி" என்றதும் இருளாண்டி கை தூக்குகிறான். என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.