எல்லாருக்கும் ஆறாம் நம்பர்

பல்லாவரத்தில் ஷூ பட்டறை வைத்திருந்த பென்னிக்குக் கடல் கடந்து ஓர் ஆர்டர் வந்தது. நாற்பதாயிரம் ஜோடி, கேட்டது ஒரு நாட்டின் அரசாங்கமே. அத்தனையும் ஆறாம் நம்பர். அந்த நாட்டு அதிபருக்கு ஆறாம் நம்பர் கால். ஆகவே குடிமக்கள் எல்லாருக்கும் அதுதான் கால் என்று சட்டம் போட்டிருந்தார்கள்.

பென்னி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பாவம், வேறென்ன செய்வார்? மூன்று மாதமாகப் பட்டறையில் வேலை இல்லை. வேலையாட்கள் எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பும் நிலை.

"ஒம்போதாம் நம்பர் கால்காரன் இன்னா பண்ணுவான்ணா?" என்றாள் தோல் வெட்டும் ஷீலா.

"அது அவுங்க ஊரு பேஜாரு. நமக்கு இன்னா?"

மேற்பார்வைக்கு அந்த நாட்டு அதிகாரி வந்தார். ஆள் பனைமர உயரம், போட்டிருந்தது ஆறாம் நம்பர் ஷூ. காரிலிருந்து நொண்டிக்கொண்டே வந்தார். அந்தப் பட்டறையில் யார் நுழைந்தாலும் பழைய பேப்பரில் காலை வைக்கச் சொல்லி ஷீலா பென்சிலால் சுற்றி வரைந்துவிடுவாள். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர்கூடத் தப்ப முடியாது. இவரையும் ஷூவைக் கழற்ற வைத்தாள். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நகமெல்லாம் கறுத்திருந்தது. அளவு பதினொன்று. மனிதர் அந்தப் பேப்பரைக் கிழித்து வாயில் போட்டு விழுங்கிவிட்டு, "ஆறு" என்றார்.

அன்று பென்னிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தார். ஐந்து முதல் பதினொன்று வரை எல்லா அளவிலும் தைத்து, அடியில் 'ஆறு' என்றே முத்திரை அடித்தார்.

"நம்ம ஆளுங்களும் பொழைப்பாங்க, எவன் காலும் நோவாது" என்று சொல்லி எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

ஷூக்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து அந்த அரசாங்கத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. 'தங்கள் ஷூக்கள் அனைவருக்கும் கச்சிதமாகப் பொருந்தின. மக்களின் கால் ஆறாம் நம்பர்தான் என்பது நிரூபணமாகிவிட்டது. இல்லை என்று சொல்லிவந்த ஆயிரத்து நூறு பேரைப் பொய்யர்கள் எனச் சிறையில் அடைத்திருக்கிறோம். கோர்ட்டில் தங்கள் ஷூக்களே சாட்சி. அவர்கள் காலைக் கட்டி வைக்கத் தோல் வார்கள் தேவை. அளவு ஆறு.'

பென்னிக்கு அவமானத்தில் காது சுட்டது. கடிதத்தை ஷீலாவிடம் நீட்டினார்.

"இதையும் பெருசா வெட்டி ஆறுன்னு அடிச்சிடலாமாண்ணா?" என்றாள் அவள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

முடியாது என்று சொல்லத்தான் பென்னி வாயைத் திறந்தார்.

"எத்தினி இஞ்சு பெருசா?" என்று கேட்டார்.