சிவசக்தி ஓட்டுக் கேட்காத தெரு

தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கையில்தான் சிவசக்திக்கு விஷயம் தெரிந்தது. மேல்லயத்து வரிசை வீடொன்றில் இருக்கும் நல்லம்மா, தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன வாக்காளர் அட்டையை அவளுடைய தையல் கடைக்கே எடுத்து வந்து நீட்டினாள்.

"இதுல பிரதேச சபைன்னு போட்டிருக்கே சக்தி. நீ நிக்கிறது மாநகர சபைக்குத்தானே?"

சிவசக்தி அட்டையை இரண்டு முறை படித்தாள். பதுளை நகர எல்லை கீழ்லயத்தோடு முடிந்துபோயிருந்தது. மேலே இருந்த நாற்பத்து மூன்று வீடுகள் பிரதேச சபையைச் சேர்ந்தவை. போன தேர்தலில் இரண்டு லயத்தாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டதால் யாரும் எல்லையைப் பற்றி யோசித்திருக்கவில்லை. மூன்று வாரமாக அவள் அந்தப் படிகளில் ஏறி இறங்கி, வீட்டுக்கு வீடு தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சியிருந்தாள். அங்கே ஒருவருக்கும் அவளுக்குப் போட ஓட்டு இல்லை.

சுயேச்சைக் குழுவின் தலைவர் கணபதி தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டியலுக்குப் பெண்கள் போதாமல், "கையெழுத்து மட்டும் போடும்மா, அலைய வேண்டியதில்ல" என்று முதலில் அவளிடம் சொன்னவர் அவர்தான். அவள் அலையத் தொடங்கிய பிறகு ஜெயிக்கலாம் என்ற ஆசை அவருக்கும் வந்துவிட்டது.

"இனி பள்ளிவாசல் தெருதான் இருக்கு. ஐம்பது வீட்டுக்கு மேல வரும். நாங்க ரெண்டு தடவ போனோம், நீதான் வரல. தைக்கிறதுக்கு இருக்குன்ன, கால் வலிங்கிற. வேட்பாளர் முகத்தக் காட்டாம யாரும்மா ஓட்டுப் போடுவான்?"

"நாளைக்குப் போறேங்க" என்றாள்.

அன்று பின்னேரம் அவளால் ஒரு தையலும் ஒழுங்காகப் போட முடியவில்லை. சட்டைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தாள். பிரித்ததை மறுபடியும் அப்படியே தைத்தாள்.

பள்ளிவாசல் தெருவில் ஏழாவது வீடு ஸுபைராவுடையது. பதினாறு வயதில் சிவசக்தி அந்த வீட்டில் தங்கியிருந்தாள். மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து தினமும் டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்து போக முடியாது என்று அம்மா அங்கே கொண்டுவந்து விட்டிருந்தாள். சாப்பாடும் படுக்க இடமும் கிடைக்கும். பள்ளி நேரம் போக மற்ற நேரம் வீட்டு வேலை செய்து, குழந்தை இஸ்ராவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளி முடிக்கிற சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தன்று, ஏழரைக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஸுபைரா விடியற்காலையிலேயே வெளியே போனாள். எட்டாகியும் வரவில்லை. எட்டரைக்குப் பரீட்சை. தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தையை உள்ளே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சிவசக்தி ஓடினாள்.

மதியம் திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சொன்னார்கள். குழந்தை எழுந்து, கதிரை மேல் ஏறி, ஜன்னலிலிருந்து விழுந்து நெற்றி பிளந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறதென்று. அவள் வீட்டுக்குள் போகவில்லை. துணிமணியைக்கூட எடுக்காமல் மடுல்சீமை பஸ்ஸில் ஏறிவிட்டாள். பிறகு பதுளையிலேயே கல்யாணமாகி வந்தும், இருபது வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் அவள் கால் வைத்ததில்லை.

மறுநாள் காலையில் கணவன் ஜெயரூபன் அவளைத் தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறக்கிவிட்டான். "நானும் வரவா?" என்று கேட்டான். வேண்டாமென்று தலையாட்டினாள். முதல் ஆறு வீட்டிலும் என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. குப்பை வண்டி, வடிகான் என்று ஏதோ சொன்னாள். நோட்டீஸின் மை கையில் ஒட்டியது. ஏழாவது வீட்டின் கேட்டைத் தாண்டி எட்டாவதுக்குப் போய்விட்டு, அங்கே யாரும் இல்லாமல் திரும்பி வந்தாள்.

கதவைத் திறந்தது ஓர் இளம்பெண். முக்காட்டின் ஓரத்தில், வலது புருவத்துக்கு மேலே, தழும்பு கோணலாக ஓடியது.

"ஓட்டுக் கேட்டு வந்தேன்" என்றாள் சிவசக்தி. அதற்கு மேல் குப்பை வண்டிப் பேச்சு வரவில்லை. "இஸ்ரா தானே நீங்க? நான்தான் அன்னிக்கி உங்கள விட்டுட்டுப் போனவ."

இஸ்ரா நோட்டீஸில் இருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓட்டுக் கேக்க வந்தீங்களா, மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"ஓட்டுக்குத்தான் வந்தேன். இதச் சொல்லாம கேக்க முடியல."

உள்ளேயிருந்து ஸுபைரா வந்தாள். தலை நரைத்து, ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். "உள்ள வா புள்ள" என்றாள். சிவசக்தி கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். ஸுபைரா கேட்ட முதல் கேள்வி அவள் எதிர்பாராதது.

"அந்தப் பரீட்ச என்னாச்சு?"

"கணக்குல ஃபெயிலுங்கம்மா. புள்ள எந்திரிச்சிருக்குமோன்னே இருந்துச்சு. பாதிக் கேள்விக்கு மேல எழுதல."

 ஸுபைரா, மகள் நிற்கிறாள் என்று தெரிந்தே சொன்னாள். "நான் அன்டைக்கு எந்த அவசரத்துக்கும் போகல்ல. தங்கச்சிட வீட்டுல சும்மா இருந்தேன். நீ பாஸ் பண்ணினா போயிருவாய். அதுக்குப் பொறகு இந்தப் புள்ளய நான் ஆருட்ட விடுற? அந்த நெனப்புலதான் நேரத்தக் கடத்தினேன்."

"வேலக்காரி போட்டுட்டு ஓடிட்டான்னு தானே உம்மா எனக்குச் சொன்னீங்க?" என்றாள் இஸ்ரா. குரல் உயரவில்லை. பதிலுக்குக் காத்திராமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிவசக்தி எழுந்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஆறுதலும் வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது போல இருந்தது. மீதி வீடுகளுக்கெல்லாம் வேகவேகமாகப் போய்வந்தாள். யார் என்ன கேட்டாலும் ஆமாங்க, ஆமாங்க என்றே சொன்னாள்.

தேர்தலில் அவள் பதினேழு ஓட்டில் தோற்றாள். நல்லம்மா வந்து, தன் அட்டைதான் குற்றவாளி என்பதுபோல் அழுதாள். கணபதி மேல்லயத்தின் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கைவிரலை மடக்கினார். சிவசக்தி அன்றைக்கும் கடையைத் திறந்து தைத்தாள். மிஷினை மிதிக்காமல் கால் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

மூன்றாம் நாள், நோட்டீஸில் இருந்த நம்பருக்கு ஃபோன் வந்தது. இஸ்ரா.

"நான் உங்களுக்குப் போடல்ல. அதச் சொல்லிடுறேன்."

"பரவாயில்லங்க."

"நீங்க வந்துட்டுப் போனதிலேருந்து நான் உம்மாவோட பேசுறதில்ல. அவங்க சரியாச் சாப்பிடுறதுமில்ல. நீங்க தானே தொடங்கினீங்க. ஒரு தடவ வாங்க."

போகாமல் இருக்க முடியுமா என்று அவள் அந்தப் பகல் முழுக்க யோசித்தாள். ஓட்டுக்காக ஒரு வீட்டைக் கிளறிவிட்டோமோ என்ற எண்ணம் ஊசி நூலோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. நாலு மணி மழைக்குள் குடையோடு கிளம்பினாள்.

முன்னறையில் உம்மா ஒரு மூலையிலும் மகள் ஒரு மூலையிலும் இருந்தார்கள். நடுவில் போடப்பட்டிருந்த கதிரையில் சிவசக்தி உட்கார்ந்தாள்.  மழை தகரத்தில் அடித்தது. இஸ்ரா தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க போறப்போ நான் அழுதேனா?"

"இல்ல. நல்லாத் தூங்குனீங்க. போர்வைய இழுத்துப் போத்திட்டு, வாசல்ல நின்னு அஞ்சு நிமிசம் பாத்தேன். தெருவுல உங்கம்மா வர்றாங்களான்னும் பாத்தேன். பொறகுதான் ஓடினேன்."

ஸுபைராவின் கண்ணிலிருந்து நீர் இறங்கி முக்காட்டுத் துணியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. இஸ்ரா உம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இன்னும் இருந்தது.

"உம்மா" என்றாள், ஏழெட்டு நாளுக்குப் பிறகு. "வந்தவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துங்க. உங்களுக்கும் ஒண்டு ஊத்துங்க."